முப்பிடாதி மவுஸ் வாங்கின கதை

அம்பு சுவத்துக்கு வந்த வருசம் எதுன்னு புளியங்குடியில யாரைக் கேட்டாலும் சரியாச் சொல்லிருவாங்க, ஆனா அது ஏன் வந்துச்சு, எப்படித் திரும்பிப் போச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை விடுவாங்க, அதை எல்லாம் நம்பாதீங்க, ஏன்னா அந்த அம்பு மூணு நாள் என் நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதனால எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற எவனுக்கும் தெரியாது. நான் கோமதிநாயகம். எலுமிச்சை மண்டியில ஏலம் கூறுறவன். அங்க வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு மேல்பார்வையும் நான்தான், யாருக்கு லீவு குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுங்கிறது என் வாயில இருந்துதான் வரணும். குடுக்கக் கூடாதுங்கிறதுதான் வழக்கமா வரும்.

முப்பிடாதி எங்க மண்டியில பழம் தரம் பிரிக்கிறவ. பதினேழு வயசுல வந்தா, இப்ப இருபத்தெட்டு. குவியலுக்கு முன்னால உக்காந்தான்னா கண்ணு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும், கை மட்டும் போயி பெருசு ஒரு பக்கம், பொடிசு ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம்னு எறிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒரு பழம் தப்பா விழாது. அந்தக் கைதான் மத்தியானத்துக்கு மேல மைதீன் பிச்சை பாயோட பிரவுசிங் சென்டருக்குப் போயி மவுஸைப் பிடிக்கும். அஞ்சு பேர் சேந்து எதிர்ல இருக்கிற அஞ்சு பேரைச் சுடுற விளையாட்டு. அஞ்சு ஊரைச் சேந்த அஞ்சு பொம்பளைப் பிள்ளைங்க ஒரு டீம், நாகர்கோவில்காரி ஷெரின் காப்டன். நாலு வருசமா ஆடி ஆடி மாநில அளவுல கடைசி ரவுண்டுக்கு முந்தின ரவுண்டு வரைக்கும் வந்துட்டாங்க. ஜெயிச்சா ஒரு வருசத்துக்குச் சம்பளத்தோட ஆட்டம், சென்னையில தங்க இடம், எலுமிச்சைச் சாறு பட்டு விரல் இடுக்கு எரியாத ஒரு வாழ்க்கை. அவ அதை யாருகிட்டயும் பெருசாச் சொல்லிக்கிட்டதில்ல, ஆனா அவளுக்கு அது வேணும்.

இப்ப ஆயுத பூஜை அன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. மண்டியில அன்னைக்குத் தராசை இறக்கி வச்சு, எடைக்கல்லைக் கழுவி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சிருவோம். மறுநாள் காலையில நல்ல நேரம் பாத்து முதல் எடை போடுற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது, தொட்டா நான் சும்மா விடமாட்டேன். முப்பிடாதி அன்னைக்குப் பாய் கடைக்கும் போயி வருசா வருசம் செய்யிற மாதிரி எல்லா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வச்சா. பாய் அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாரு, சுண்டல் மட்டும் கேப்பாரு. மத்ததுக்கெல்லாம் முதுகுல வச்சவ, தன் மவுஸுக்கு மட்டும் கவுத்துப் போட்டு அடியில சிவப்பா எரியுமே அந்தக் கண்ணு, அதுக்கு மேல சந்தனத்தை வச்சு, நடுவுல குங்குமமும் வச்சா. பொட்டு வைக்கிறது முகத்துக்குத்தானே, கண்ணு இருக்கிற பக்கம்தானே முகம்னு அவ கணக்கு.

அன்னைக்கே மூணு மணிக்கு மேட்ச் வந்துருச்சு. பொட்டைத் துடைச்சுட்டு உக்காந்து ஆடுனா. ஜெயிச்சும் போட்டா. கடைசி ஆளைச் சுட்டு முடிச்சதும், மவுஸை நகத்துனா ஸ்க்ரீன்ல கூடவே நகருமே அந்த வெள்ளை அம்பு, அது ஓரத்துக்கு நகந்து, ஸ்க்ரீனோட விளிம்பைத் தாண்டி, மேசை மேல இறங்கி, சுவத்துல ஏறி, வாசப்படி வழியா வெளிய போயிருச்சு. பாய் ரிமோட்டை வச்சுட்டு, கதவைச் சாத்தவான்னு கேட்டாராம். அதுக்குள்ள அது தெரு தாண்டிருச்சு. அந்தப் பழைய மவுஸும் அப்பவே செத்துப்போச்சு.

மறுநாள் காலையில வந்து பாத்தா மண்டிச் சுவத்துல, தராசுக்கு நேர் மேல, உள்ளங்கை நீளத்துக்கு அம்பு நிக்குது. நான் முதல் எடை போட்டேன், அது பாத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னையில இருந்து அது ஊரைச் சுத்த ஆரம்பிச்சது. ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் பழக ரெண்டு நாள் போதும். பழக் குவியல் மேல வந்து நின்னா உள்ளுக்குள்ள அழுகல் இருக்குன்னு யாவாரிங்க கண்டுபிடிச்சாங்க. காணாமப் போன ஆட்டைத் தேடுறவங்க அம்பு நிக்கிற திசையில போயி ஆட்டோட வந்தாங்க. பள்ளிக்கூடத்துல சரியான விடையை அது காட்டிக் குடுக்குதுன்னு பரீட்சை அன்னைக்கு ஜன்னலை எல்லாம் அடைச்சாங்க. நகராட்சியில இருந்து ஒரு ஆள் வந்து, சுவத்துல இருக்கிறதால இது விளம்பரமா இல்லையான்னு அளந்து பாத்துட்டு, விளம்பரம் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. சில நேரம் அம்பு சக்கரமா மாறிச் சுத்தும். அப்ப ஊரே நின்னுரும், சக்கரம் சுத்துது, பொறுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க.

இன்னொண்ணும் உண்டு. கம்ப்யூட்டர்ல அமுக்குனா திறக்கும்னு இருக்கிற எடத்துல அம்பு கையா மாறுமே, ஒரு விரலை நீட்டிக்கிட்டு, அதே மாதிரி இதுவும் மாறும். தட்டுனா திறக்கிற கதவுல கையா மாறும், கேட்டா குடுக்கிற ஆளு மேலயும் கையா மாறும். கல்யாணத் தரகர் இதை வச்சே அந்த ஐப்பசியில நாலு சம்பந்தம் முடிச்சாரு. ஒரே ஒரு ஆபீஸ் கதவுல மட்டும் அது கடைசி வரைக்கும் கையா மாறவே இல்ல, எந்த ஆபீஸ்னு நான் சொல்லமாட்டேன், எனக்கு அங்க இன்னும் வேலை கிடக்கு.

எல்லாருக்கும் நல்லதாப் போச்சு, முப்பிடாதிக்கு மட்டும் பொழப்பு போச்சு. அவ எந்த மவுஸைத் தொட்டாலும் ஸ்க்ரீன்ல அம்பு இல்ல. அதே மவுஸைப் பாய் தொட்டா இருக்கு, நான் தொட்டாக் கூட இருக்கு. அவளுக்கு உள்ள அம்பு ஒண்ணுதான், அது சுவத்துல நிக்குது. விளையாட்டுல குறி பாக்குற சிலுவை கூட அந்த அம்புதான் வேசம் கட்டிக்கிட்டு வர்றதாம், அதுவும் இல்ல. கண்ணைக் கட்டி விட்ட கணக்கு.

ஷெரின் போன்ல சொன்னா, "அக்கா, ஃபைனலுக்கு நாப்பது நாள் இருக்கு. நீங்க இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா வெறும் ஸ்க்ரீனை வச்சுக்கிட்டு உங்களை உக்கார வைக்க முடியாதுக்கா."

"நாப்பது நாள்ல அது வந்துரும்" அப்படின்னா முப்பிடாதி.

அன்னைக்கே எங்கிட்ட வந்து, மதுரையில ஃபைனல், கார்த்திகை மாசம் ஞாயித்துக்கிழமை, ஒரு நாள் லீவு வேணும் அண்ணாச்சின்னு கேட்டா. மலையாளத்துக்குச் சரக்கு ஏறுற நேரம். நான் ஏறிட்டுக் கூடப் பாக்கலை.

"சீசன்ல லீவா? அதுவும் விளையாடப் போறதுக்கா? அம்பு ஊருக்கு எவ்வளவு உபகாரமா இருக்கு, அதை இழுத்துட்டுப் போயி சுட்டு விளையாடணுமாக்கும். போயி பழத்தைப் பாரு பிள்ள."

 குவியலுக்கு முன்னால போயி உக்காந்தா. ஒரு பழம் தப்பா விழலை.

பாய் ஒரு யோசனை சொன்னாரு, கைக்கு ஏத்த மவுஸ் வந்தா அம்பு தானா வரும், பழசு அந்தக் காலத்துச் சரக்கு, அதுல இருந்து அம்புக்கு அலுத்திருக்கும்னு. சரி, எந்த மவுஸ்? எலுமிச்சையில நாங்க மூணு பாப்போம், தோல், சாறு, தாங்குற நாள். மவுஸ்லயும் மூணுதான்னா முப்பிடாதி. சாஃப்ட்வேர்தான் தோல், மேல மினுக்கும். பேட்டரிதான் சாறு. எத்தனை நாள் உடையாம உழைக்கும்ங்கிறதுதான் தாங்கல். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் மலையாளத்துக்காரன் திருப்பி அனுப்பிருவான்.

முதல் மவுஸ் தென்காசியில வாங்குனது, தோலுக்குப் பேர்போனது. பெட்டியைப் பிரிச்சதும் சாஃப்ட்வேரை ஏத்தச் சொல்லுச்சு. ஏத்துனா பேரைக் கேட்டுச்சு, மெயில் கேட்டுச்சு, போனுக்கு ஆறு நம்பர் அனுப்பி அதைக் கேட்டுச்சு, அப்புறம் அப்டேட் ஆகுது, அணைச்சிராதீங்கன்னுச்சு. ஒண்ணரைக் கோடிக்கு மேல இருக்கிற கலர்ல எது வேணும்னு கேட்டுச்சு. அம்பு என்னமோ ஆசையாத்தான் வந்துச்சு, பாய் கடைச் சுவத்துல இறங்கி ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல நின்னு பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்து சக்கரமா மாறிருச்சு. மூணு நாள் சுத்துச்சு. அந்த மூணு நாளும் ஊர்ல ஒரு முடிவும் எடுக்க முடியலை, மண்டியில அழுகல் தெரியாம ஏலம் போச்சு, நிச்சயதார்த்தம் ஒண்ணு தள்ளிப் போச்சு. நாலாம் நாள் காத்தடிச்சு நெட்டு போச்சு, மவுஸ் அத்தனையும் மறந்துபோயி மறுபடியும் பேரைக் கேட்டுச்சு. அம்பு திரும்பி மண்டிக்கே வந்துருச்சு. முப்பிடாதி அந்த மவுஸைப் பெட்டியில போட்டு, "இதுக்கு என்னைய விட நெட்டைத்தான் பிடிச்சிருக்கு" அப்படின்னு ஓரங்கட்டிட்டா.

ரெண்டாவது மவுஸ் பாக்க அம்சமா இருந்துச்சு. எடையே தெரியாது, முதுகு பூரா இடியாப்பத் தட்டு கணக்கா ஓட்டை, உள்ள விளக்கு. வயரு கிடையாது. அம்பு நேரா வந்து ஸ்க்ரீனுக்குள்ள இறங்கிருச்சு. முப்பிடாதி அழுதுட்டான்னு பாய் சொன்னாரு. மூணு மணி நேரம் ஆடுனா, எதிர்ல வந்தவனை எல்லாம் சாச்சா. அந்த நேரம் பாத்து நான் போயி நின்னேன். சொல்லாமக் கொள்ளாம ரெண்டு லாரி சரக்கு வந்துருச்சு, இவளை விட்டா வேகமாப் பிரிக்க ஆள் இல்ல, சத்தம் போட்டுக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். அவ நாற்காலிக்குப் பின்னால நின்னு வாயைத் திறந்தேன், மவுஸோட பேட்டரி தீந்துபோச்சு. விளக்கு பூராச் சாறையும் குடிச்சிருச்சு. ஸ்க்ரீன்ல இருந்த அம்பு துள்ளி வந்து என் நெத்தியில ஒட்டுச்சு.

சார்ஜ் போட்டாத்தான் அது நகரும், சார்ஜ் போடுற ஒயரோ பெட்டியில வந்தது அன்னைக்கே முனை ஒடிஞ்சுபோச்சு, அந்த அளவுக்கு ஒயரு தென்காசியிலயும் இல்ல, திருநெல்வேலியில இருந்து வரணும். மூணு நாள். நெத்தியில அம்போட நான் ஏலம் கூறுனேன். யாவாரிங்க அதைப் பாத்துட்டு, அண்ணாச்சிக்குள்ள அழுகல் போலிருக்கு வே, இந்த லாட்டு எவ்வளவுக்குப் போகும்னு என்னையே ஏலம் கேட்டானுவ. அதைக் கூடப் பொறுத்துக்கிட்டேன். பழம் பிரிக்கிற பொம்பளைங்க ஒவ்வொருத்தியாக் கிட்ட வந்து, கையா மாறுதான்னு பாத்துட்டுப் போனாங்க. மூணு நாள்ல ஒரு தடவை கூட அது கையா மாறலை. ராத்திரி கண்ணாடியில நானும் பாத்தேன், மாறலை. எனக்கு அது மனசுல தச்சுக்கிட்டே இருந்துச்சு, வெளிய சொல்லலை.

ஒயரு வந்துச்சு, நான் தப்பிச்சேன், அம்பு சுவத்துக்குப் போச்சு. நாள் பத்துதான் மிச்சம். ஷெரின் வேற ஒரு பிள்ளையைப் பழக்க ஆரம்பிச்சுட்டான்னு தகவல் வந்துச்சு. வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பா. முப்பிடாதி மூணாவது மவுஸ் வாங்குனா.

அது பாக்க ஒண்ணும் இல்ல, கறுப்பா, சோப்புக் கட்டி அளவுக்கு. சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு தடவை வேகத்தைச் சொல்லி வச்சாப் போதும், தன் வயித்துக்குள்ளயே ஞாபகம் வச்சுக்கும், எந்த ஊரு கம்ப்யூட்டர்ல சொருகினாலும் பேரைக் கேக்காது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற ஒத்தை செல்லு, மாசக் கணக்கா ஓடும், தீந்தாப் பெட்டிக்கடையில கிடைக்கும். எத்தனை நாள் தாங்கும்ங்கிறதைத்தான் அவ நம்பலை. பெட்டியில பட்டன் எட்டுக் கோடி அமுக்கு தாங்கும்னு போட்டிருந்தான். வெளிய எழுதுனதை நம்பி நாங்க ஒரு மூட்டை எலுமிச்சை வாங்குனதில்ல. பழத்தோட குணம் லாரியில ஏறி மலை தாண்டி இறங்குன பிறகுதான் தெரியும். அதனால அவ அந்த மவுஸை எடுத்து, சுத்திக் கூட எதையும் கட்டாம, ஒரு மூட்டைக்கு நடுவுல பழத்தோட பழமாப் போட்டுத் தச்சு, கோட்டயம் லாரியில ஏத்திட்டா. டிரைவர்கிட்ட இறக்குற எடத்துல எடுத்து, திரும்பி வர்றப்ப வெறும் லாரியில எறிஞ்சு கொண்டு வாங்கன்னா. அவரும் வேற ஒண்ணும் கேக்காம அப்படியே செஞ்சாரு. நாலு நாள் கழிச்சு வந்துச்சு, முதுகுல சாறு காஞ்சு போயி, ஒரு கீறலோட. துப்பட்டாவுல துடைச்சா, அமுக்குனா. ஒரு அமுக்குக்கு ஒரு சத்தம். அடுத்த அமுக்குக்கு அடுத்த சத்தம். "இதுதான்" அப்படின்னா.

எல்லாம் சரி, அம்பு வரலை. திரும்பிக் கூடப் பாக்கலை. மண்டிச் சுவத்துல தராசுக்கு மேல, முதல் நாள் நின்ன அதே எடத்துல போயி நின்னுக்கிச்சு. ஒரு நாள் பாத்தா, ரெண்டு நாள் பாத்தா. வெள்ளிக்கிழமை காலையில மவுஸைக் கையில வச்சுக்கிட்டு மண்டிக்கே வந்து, அத்தனை பேருக்கும் முன்னால சுவத்தைப் பாத்துக் கேட்டா, "இன்னும் உனக்கு என்ன குறை? சொல்லித் தொலை."

அம்பு மெதுவா இறங்குச்சு. தராசுத் தட்டுல ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம் துடைக்காம ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு, அதுமேல போயி நின்னுச்சு. முப்பிடாதி அந்தக் குங்குமத்தைப் பாத்தா. அப்புறம் கையில இருந்த மவுஸைத் திருப்பினா. பழைய மவுஸுல இல்லாத ஒண்ணு இதோட அடியில இருந்துச்சு, நகக்கண் அளவுல ஒரு ஸ்விட்சு, நிப்பாட்டி வைக்கிறதுக்கு.

"பூஜை அன்னைக்கு அதுக்கு லீவு" அப்படின்னா. சத்தமாச் சொல்லலை, ஆனா மண்டி பூராக் கேட்டுச்சு. "தராசுக்கு லீவு, எடைக்கல்லுக்கு லீவு, பொட்டு வச்ச எல்லாத்துக்கும் லீவு. அதுக்கும் பொட்டு வச்சுட்டு, மூணு மணிக்குத் துடைச்சுட்டு வேலை வாங்கிட்டேன். நாலு வருசத்துல ஒரு நாள் கூட அணைக்கலை அண்ணாச்சி. கேக்கத் தெரியாது அதுக்கு. இறங்கிப் போயிருச்சு."

சொல்லிட்டு என்னைத்தான் பாத்தா. பதினோரு வருசத்துல அவ எங்கிட்டக் கேட்டது ஒரே ஒரு நாள். எனக்குச் சுருக்குன்னுச்சு.

"நாளைக்கு நீ வர வேண்டாம்" அப்படின்னேன். "ஞாயித்துக்கிழமையும் வர வேண்டாம்."

"நிசமாவா அண்ணாச்சி?"

"ரெண்டு தடவை சொல்லமாட்டேன். சரக்கை நான் பிரிச்சுக்கிடுதேன்."

அன்னைக்குச் சாயங்காலமே அந்த மவுஸைத் தராசுப் பக்கத்துல வச்சு, முதுகுல சந்தனம் குங்குமம் வச்சு, ஸ்விட்சை அணைச்சா. சனிக்கிழமை பூரா அது அங்கயே கிடந்துச்சு, லீவு விட்டும் அவ மண்டிக்கு வந்து அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. மதுரையில இருந்து ஷெரின் கூப்பிட்டா, கடைசிப் பிராக்டிஸு, எல்லாரும் வந்தாச்சு, எங்கக்கா இருக்கீங்கன்னு.

"இன்னைக்கு என்னால தொட முடியாது."

"பிராக்டிஸுக்கு வரலேன்னா நாளைக்கு வேற ஆளை இறக்கணும்க்கா. எனக்கு வேற வழி இல்ல."

"நாளைக்குப் பத்து மணிக்கு என் ஸ்க்ரீன்ல அம்பு இல்லேன்னா நானே எந்திரிச்சு அந்தப் பிள்ளையை உக்கார வச்சிருவேன். அது வரைக்கும் அந்த நாற்காலி என்னோடது" அப்படின்னுட்டு போனை வச்சா. போனை வச்ச கை மவுஸ் பக்கம் போச்சு, நான் பாத்தேன். ஆனா மவுஸைத் தொடலை.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அணைச்ச மவுஸைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் பாயோட பஸ் ஏறுனா. அம்பு சுவத்துலயே நின்னுச்சு. நான் பழம் பிரிச்சேன், பிரிச்சு மாளலை, எத்தனை பழம் தப்பா விழுந்துச்சுன்னு கேக்காதீங்க. பத்து மணி ஆகப் போச்சு. மதுரையில அவ பேரைக் கூப்பிட்டாங்களாம், உக்காந்து, பொட்டைத் துடைச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஸ்விட்சைத் தள்ளுனாளாம். இங்க மண்டிச் சுவத்துல அம்பு ஒரு தடவை சிலுத்துக்கிட்டு, வாசலைத் தாண்டி, ராசபாளையம் ரோட்டுல வழியெல்லாம் உள்ள சுவத்துல ஏறி இறங்கிப் பறந்துச்சு. ரோட்டோரத்துல நின்னவங்க எல்லாம் வழி விட்டாங்களாம். அவ கண்ணைத் திறக்கிறப்ப அது ஸ்க்ரீனுக்கு நடுவுல நின்னுச்சு.

ஏலத்தை நிப்பாட்டிட்டு நாங்க அத்தனை பேரும் போன்ல பாத்தோம். எனக்கு அந்த விளையாட்டு ஒண்ணும் புரியாது, ஆனா அந்தக் கையைத் தெரியும். கண்ணு எங்கயோ பாத்துச்சு, கை போயி ஒண்ணை இந்தப் பக்கம் எறிஞ்சுச்சு, ஒண்ணை அந்தப் பக்கம் எறிஞ்சுச்சு. அஞ்சு மணி நேரம் ஆடுனாங்க, மவுஸ் ஒரு தடவை கூட மூச்சு வாங்கலை. ஜெயிச்சுட்டாங்க. மத்த நாலு பிள்ளைங்களும் கட்டிப்பிடிச்சுக் குதிக்குதுங்க, இவ மட்டும் குனிஞ்சு மவுஸைத் திருப்பி என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தா. மைக்கு வச்சிருந்தவரு என்னம்மா பண்றீங்க, கப்பு வாங்க வாங்கன்னு கூப்பிட்டாரு.

"இருங்க, வேலை முடிஞ்சுது, முதல்ல அது போகட்டும்" அப்படின்னா.

திங்கக்கிழமை காலையில அம்பு மண்டிச் சுவத்துல இருந்துச்சு, ராசபாளையம் பஸ்ஸோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு கண்டக்டர் சொன்னாரு. முப்பிடாதியும் வந்தா, சென்னைக்குப் போற வரைக்கும் பழம் பிரிக்கணும்ல. நான் மேடையில ஏறி ஏலத்துக்கு வாயைத் திறந்தேன். அம்பு சுவத்துல இருந்து இறங்கி, குவியலைத் தாண்டி, என் வேட்டியில ஏறி, சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்துல வந்து நின்னு, கையா மாறுச்சு.

 அப்புறம் பழம் பிரிக்கிற பொம்பளைங்க ஒவ்வொருத்தியா எந்திரிச்சு எனக்கு முன்னால வரிசையா நின்னாங்க. முதல்ல நின்னவ, மக பிரசவத்துக்கு ரெண்டு நாள் வேணும் அண்ணாச்சின்னு கேட்டா. குனிஞ்சு பாத்தேன், கை அப்படியே இருந்துச்சு. சரின்னு சொன்னேன்.